ஏடு பிரிந்த களிமண்

மூன்று நைலான் துண்டுகள். முதலாவது வெறும் நைலான்-6. இழுத்துப் பார்த்தால் 69 மெகாபாஸ்கல் வரை தாங்குகிறது. இரண்டாவதில் ஐந்து சதவீதம் அளவுக்குக் களிமண் பொடி கலந்திருக்கிறது. அது 61-லேயே அறுந்துபோகிறது. மூன்றாவதிலும் அதே வகைக் களிமண்தான், ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் அது 107 வரை தாங்குகிறது.

ஜப்பானில் நகோயா நகரை ஒட்டிய நாகாகுத்தே என்ற ஊரில் டொயோட்டா குழுமத்தின் மத்திய ஆய்வுக்கூடம் இருக்கிறது. அகானே ஒகாடா, அரிமித்சு உசுகி, மசயா கவசுமி, யோஷித்சுகு கோஜிமா முதலானோர் 1980-களின் நடுவில் அங்கே தொடங்கிய வேலையில் கிடைத்த எண்கள் இவை. 1993-ல் அவர்கள் இவற்றை விரிவான கட்டுரைகளாக வெளியிட்டபோது, உலகெங்கும் பாலிமர் ஆய்வுக்கூடங்கள் களிமண்ணைத் தேடி ஓடின. நானோ என்ற சொல் இன்று பற்பசை விளம்பரம் வரை வந்துவிட்டது. அந்தச் சொல்லுக்குப் பொருள் இருக்கிறது என்பதைப் பிளாஸ்டிக் உலகத்தில் முதலில் நிரூபித்துக் காட்டியது இந்த நைலான்தான்.

பிளாஸ்டிக்கில் மண்ணையும் மாவுக்கல்லையும் சுண்ணாம்புப் பொடியையும் கலப்பது பழைய வழக்கம். தொழிலில் இதை ஃபில்லர் என்பார்கள். விலை குறையும், கொஞ்சம் விறைப்பு கூடும், பதிலுக்கு எடை ஏறும். உண்மையான வலு வேண்டுமென்றால் 20, 30 சதவீதம் கண்ணாடி இழையைச் சேர்க்க வேண்டும். ஐந்து சதவீதத்துக்கும் குறைவான மண்ணைச் சேர்த்து வலிமையை ஒன்றரை மடங்காக்கலாம் என்று அதுவரை யாராவது சொல்லியிருந்தால் அந்தத் தொழிலில் இருந்தவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். இரண்டாவது துண்டின் 61 என்ற எண் அவர்கள் பக்கம்தான் சாட்சி சொல்லியிருக்கும்.

எவ்வளவு மண் சேர்த்தார்கள் என்று கேட்டால் இந்தப் புதிர் அவிழாது. சேர்த்த மண் உள்ளே எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்று கேட்க வேண்டும்.

கரிசலுக்குள் இருக்கும் சுவடி

எல்லாக் களிமண்ணும் இதற்கு ஆகாது. பீங்கானுக்குப் போகும் வெள்ளைக் களியான கயோலின் உதவாது. அதன் அடுக்குகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும், இடையில் எதையும் எளிதில் விடாது. இங்கே வேண்டியது மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம். பிரான்சில் மான்ட்மோரில்லோன் என்ற ஊரில் கிடைத்ததால் 1847-ல் வைத்த பெயர். இந்தக் கனிமம் மிகுந்த மண்தான் பென்டோனைட். குஜராத்தின் கட்ச் பகுதியிலும் ராஜஸ்தானின் பார்மேரிலும் வெட்டி எடுக்கிறார்கள். கோவை வார்ப்படப் பட்டறைகளில் மணல் அச்சு உதிராமல் நிற்கச் சேர்ப்பதும், பாலத்துக்குப் பைல் போடும்போது துளை சரியாமலிருக்க ஊற்றும் கூழும் இதுதான்.

பென்டோனைட் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்களுக்கும் இந்தக் கனிமத்தின் குணம் தெரிந்திருக்கும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசலில் வீடு கட்டியவர்களைக் கேளுங்கள். மழைக்கு மண் உப்பி எழும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துப் பிளக்கும். அஸ்திவாரம் ஆழமாகப் போகாவிட்டால் சுவரில் கோணலாக விரிசல் ஓடும். கரிசல் மண்ணில் மிகுந்திருக்கும் மான்ட்மோரில்லோனைட் குடும்பத்துக் கனிமங்கள் தண்ணீரைத் தங்கள் அடுக்குகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டு விரிவதுதான் இதற்குக் காரணம்.

இந்தக் கனிமத்தின் அமைப்பைச் சுவடிக்கட்டாக நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் ஏடும் ஒரு நானோமீட்டர் பருமன். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு. ஆனால் அகலம் நூறு முதல் சில நூறு நானோமீட்டர் வரை. அதாவது பருமனைப் போல நூறு மடங்குக்கு மேல் அகலமான ஏடு. நடுவில் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு தளம், மேலும் கீழும் சிலிக்கா தளங்கள். நடுத்தளத்தில் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மெக்னீசியம் உட்கார்ந்திருப்பதால் ஏடு முழுவதும் எதிர்மின்சுமை ஏறியிருக்கிறது. அதைச் சமன்செய்யத்தான் சோடியம், கால்சியம் அயனிகள் ஏடுகளுக்கு நடுவே தங்கியிருக்கின்றன. இந்த அயனிகள் தண்ணீரை நாடுபவை. அவற்றைத் தேடித்தான் தண்ணீர் உள்ளே போகிறது.

ஒரு மைக்ரான் உயரமுள்ள கட்டில் எண்ணூறுக்கு மேற்பட்ட ஏடுகள் அடங்கும். அப்படிப்பட்ட கட்டுகளை ஒரு கிராம் எடுத்து, ஏடு ஏடாகப் பிரித்து, இருபுறமும் அளந்தால் பரப்பு ஏறத்தாழ 750 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் பதினெட்டரை சென்ட் நிலம்! ஒரு சிட்டிகை மண்ணுக்குள் மூன்று மனைக்கு மேல் இடம் மடிந்து கிடக்கிறது. வெறுமனே பொடியாக்கிக் கலந்தால் இந்த நிலம் மடிப்பு விரியாமலே இருந்துவிடும். இரண்டாவது துண்டில் நடந்தது அதுதான். அதில் நைலானுக்குத் தெரிந்தது கட்டின் வெளிப்பக்கம் மட்டுமே. கட்டுகள் நைலானுக்குள் சிறு கற்களாகக் கிடந்தன. இழுத்தபோது விரிசல்கள் அங்கிருந்து கிளம்பின.

சுவரைப் பிளக்கும் ஆலங்கன்று

சரி, கட்டை எப்படி அவிழ்ப்பது? தண்ணீரில் போட்டால் தானாகவே விரிகிற மண், பாலிமருடன் ஒட்ட மறுக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் போலத்தான். நாகாகுத்தே குழு செய்த வேலையின் அழகு இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் சோடியம் மான்ட்மோரில்லோனைட்டைச் சூடான நீரில் கரைசல்போலப் பரப்பினார்கள். பன்னிரண்டு கார்பன் கொண்ட 12-அமினோலாரிக் அமிலத்தை அமிலம் சேர்த்து அதில் ஊற்றினார்கள். அந்த மூலக்கூறின் ஒரு முனையில் நேர்மின்சுமையுள்ள அம்மோனியம். அது சோடியத்தை வெளியேற்றிவிட்டு ஏட்டில் ஒட்டிக்கொண்டது. அதன் நீண்ட கார்பன் வால் ஏடுகளை விலக்கிப் பிடித்தது. தண்ணீரை நாடிய மண் இப்போது கரிமப் பொருள்களை நாடும் மண்ணாகிவிட்டது. இப்படிப் பக்குவம் செய்த மண்ணைத் துறையில் ஆர்கனோகிளே என்கிறார்கள்.

இதை நைலானின் மூலப்பொருளான காப்ரோலாக்டத்தோடு சேர்த்து உருக்கியபோது, திரவம் ஏடுகளுக்கு நடுவே புகுந்தது. பிறகு வெப்பத்தை 250 டிகிரி வரை ஏற்றினார்கள். காப்ரோலாக்டம் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நைலான் சங்கிலியாக வளரத் தொடங்கின, அதுவும் ஏடுகளின் இடுக்கிலிருந்தே. கோயில் மதிலின் இடுக்கில் விழுந்த ஆலம்விதை வளர்ந்து கல்லை நகர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். வளர்ந்த சங்கிலிகள் அப்படித்தான் ஏடுகளைத் தள்ளித் தள்ளிப் பிரித்தன. கட்டு முற்றிலும் அவிழ்ந்து, ஒவ்வோர் ஏடும் நைலானுக்குள் தனித்தனியாக நின்றது. அதோடு நைலான் சங்கிலிகள் பலவற்றின் அம்மோனியம் முனைகள் ஏட்டின் எதிர்மின்சுமையோடு பிணைந்தும் நின்றன. ஏடு வேறு நைலான் வேறு என்ற நிலை அங்கே இல்லை.

இந்த எண்ணம் டொயோட்டாவுக்கு முன்பு யாருக்கும் தோன்றாத ஒன்று அல்ல. ரப்பருக்கு வலுவூட்ட ஆர்கனோகிளேயைப் பயன்படுத்தும் காப்புரிமை அமெரிக்காவில் 1950-லேயே இருக்கிறது. 1960-களில் புளூம்ஸ்டைன் என்ற ஆய்வாளர் களிமண் ஏடுகளுக்கு இடையில் பாலிமரை வளர்த்துப் பார்த்தார். 1976-ல் ஜப்பானின் யூனிடிகா நிறுவனம் நைலானுக்கும் களிமண்ணுக்கும் காப்புரிமை கேட்டது. ஏடுகள் முழுமையாகப் பிரிந்தால் என்ன கிடைக்கும் என்பதை அளந்து, அட்டவணையிட்டு, தொழிற்சாலை வரை கொண்டுபோனவர்கள் என்ற பெருமை டொயோட்டா குழுவுக்கே உரியது.

சங்கிலிகளுக்கு என்ன ஆகிறது

ஏடுகள் பிரிந்ததும் முதலில் மாறுவது சுமை பங்கிடப்படும் விதம். நைலானைவிட ஏடு பல மடங்கு விறைப்பானது. நைலானை இழுத்தால் அந்த இழுவை, பரந்த ஏட்டின் பரப்பு வழியாக ஏட்டுக்குக் கடத்தப்படுகிறது. ஏடு எவ்வளவு அகலமோ, எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவு திறமாக இது நடக்கும். நைலானின் விறைப்பு 1.1 ஜிகாபாஸ்கலிலிருந்து 2.1-க்கு ஏறியது இதனால்தான்.

இரண்டாவது மாற்றம் நைலானுக்குள்ளேயே நடக்கிறது. நைலான் ஓரளவு படிகமாக உறைவது. அதன் சங்கிலிகள் மடிந்து ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். வெறும் நைலான்-6 பெரும்பாலும் ஆல்ஃபா என்ற படிக வடிவில் உறையும். களிமண் ஏடுகளின் அருகில் காமா என்ற வேறொரு வடிவம் மேலோங்குகிறது. ஏடுகளே படிகம் முளைக்கும் இடங்களாகவும் இருப்பதால், எண்ணிக்கையில் நிறைய படிகங்கள் சிறிது சிறிதாக உருவாகின்றன. ஏட்டை ஒட்டிய சங்கிலிகளுக்கு முன்போல அசைய இடமில்லை. ஐந்து சதவீத மண் முழுப் பொருளின் குணத்தையும் மாற்றுவது எப்படி என்ற கேள்விக்கு விடை இங்கே பாதி இருக்கிறது. ஏடுகளுக்கு இடையே உள்ள தூரம் சில பத்து நானோமீட்டர்தான் என்றால், ஏட்டின் செல்வாக்குக்கு வெளியே நிற்கும் நைலான் கொஞ்சம்தான்.

மூன்றாவது, எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது, வெப்பத் தாங்குதிறன். சுமை ஏற்றிய நிலையில் சூடாக்கினால் எந்த வெப்பநிலையில் பொருள் வளையத் தொடங்குகிறது என்று அளப்பார்கள். வெறும் நைலானுக்கு அது 65 டிகிரி செல்சியஸ். ஏடு பிரிந்த நைலானுக்கு 145 டிகிரி. எண்பது டிகிரி வித்தியாசம் என்பது, எஞ்சின் பக்கத்தில் வைக்க முடியாத ஒரு பொருளை எஞ்சின் பக்கத்திலேயே வைக்கலாம் என்பதற்குச் சமம்.

டொயோட்டா அதைத்தான் செய்தது. எஞ்சினின் கிராங்க் தண்டையும் கேம் தண்டையும் இணைத்து ஓடும் டைமிங் பெல்ட்டுக்கு ஒரு மூடி உண்டு. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கேம்ரி காருக்கான அந்த மூடி இந்த நைலானில் வந்தது. யூபே நிறுவனம் நைலானைத் தயாரித்தது. பானட்டைத் திறந்தாலும் யாரும் கவனிக்காத ஒரு பாகம். பாலிமர்–களிமண் நானோகூட்டுப்பொருள் ஒன்று சந்தைக்கு வந்த முதல் வாகனப் பாகம் அதுதான்.

காற்றுக்கு ஒரு புதிர்ப்பாதை

ஏடுகள் பிரிந்தால் இன்னொரு பலனும் உண்டு. பிளாஸ்டிக் வழியாக ஆக்சிஜனும் ஈரமும் மெல்ல மெல்லக் கசியும். வறுவல் பாக்கெட் நாளானால் நமுத்துப்போக இந்தக் கசிவும் ஒரு காரணம். களிமண் ஏடு எதையும் ஊடே விடாது. ஆயிரக்கணக்கான ஏடுகள் படலத்தின் பரப்புக்கு இணையாகப் படிந்திருந்தால், உள்ளே வரும் வாயு மூலக்கூறு ஒவ்வோர் ஏட்டையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வழி நீள்கிறது, கசிவு குறைகிறது.

நீல்சன் என்ற ஆய்வாளர் 1967-ல் இதற்கு ஓர் எளிய கணக்கு சொன்னார். ஏட்டின் அகலம் பருமனைப் போல நூறு மடங்கு என்றும், கன அளவில் இரண்டு சதவீதம் ஏடுகள் என்றும் வைத்துக்கொண்டால், கசிவு பாதிக்கும் கொஞ்சம் கீழே இறங்குகிறது. கன அளவில் இரண்டு என்பது நைலானில் எடையளவில் நாலரை சதவீதத்துக்குச் சமம். அதே மண் பிரியாமல் கட்டாகக் கிடந்தால், அகலத்துக்கும் பருமனுக்கும் உள்ள விகிதம் சில மடங்குகளாகச் சுருங்கிவிடும். கசிவில் வித்தியாசமே தெரியாது. இங்கும் வலிமையில் பார்த்த கதைதான்.

பியர் பாட்டில்களின் நடு அடுக்கில் களிமண் கலந்த நைலானை வைத்தது இதற்காகத்தான்; கரியமில வாயு வெளியேறாமலும் ஆக்சிஜன் உள்ளே வராமலும் தடுக்க. டென்னிஸ் பந்துக்கும் இது போயிற்று. 2000-களின் தொடக்கத்தில் வில்சன் நிறுவனம் விற்ற டபுள் கோர் பந்துகளின் உட்புறத்தில், பியூட்டைல் ரப்பரில் வெர்மிகுலைட் ஏடுகளைப் பரப்பிய மெல்லிய பூச்சு இருந்தது. வெர்மிகுலைட்டும் இதே போன்ற அடுக்குக் கனிமம். பந்துக்குள் அடைத்த காற்று அதனால் நீண்ட நாள் தங்கியது.

நெருப்பில் நடப்பது வேறு மாதிரி. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் ஜெஃப்ரி கில்மனின் குழு 1990-களின் பிற்பகுதியில் ஐந்து சதவீதக் களிமண் நைலானை எரித்துப் பார்த்தது. வெப்பம் உச்சமாக வெளிப்படும் வேகம் 63 சதவீதம் குறைந்திருந்தது. பாலிமர் எரிய எரிய ஏடுகள் மேற்பரப்பில் சேர்ந்து கரியோடு கலந்து ஓடுபோல மூடிக்கொள்கின்றன. தீ பரவ நேரமெடுக்கிறது; ஆட்கள் வெளியேற அவகாசம் கிடைக்கிறது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. எரிந்து முடிக்கும்போது வெளிவரும் மொத்த வெப்பம் பெரிதாகக் குறைவதில்லை. தீப்பிடிக்காத பிளாஸ்டிக் என்று யாராவது இதை விற்றால் அது தவறு. கேபிள் உறைகளில் அலுமினியம் ஹைட்ராக்சைடு போன்ற தீத்தடுப்புப் பொருள்களுக்குத் துணையாகச் சேர்க்கும்போதுதான் களிமண் தன் பங்கை நன்றாகச் செய்கிறது.

எங்கே தடுக்கியது

1993-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வையா, ஜியானெலிஸ் ஆகியோர் இன்னும் எளிய வழியொன்றைக் காட்டினார்கள். பாலிமரை ஏடுகளுக்குள் வளர்க்க வேண்டியதில்லை. தயாராக இருக்கும் பாலிஸ்டைரீனை ஆர்கனோகிளேயோடு சேர்த்துச் சூடாக்கினாலே சங்கிலிகள் ஏடுகளுக்குள் நுழைகின்றன என்றார்கள். கரைப்பானும் வேண்டாம். பிளாஸ்டிக்கை உருக்கிப் பிதுக்கும் எக்ஸ்ட்ரூடர் வைத்திருக்கும் எந்தத் தொழிற்சாலையும் இதைச் செய்யலாம் என்றானது. ஆர்வம் பெருகியதற்கு இது முக்கியக் காரணம். ஏமாற்றங்கள் பெருகியதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். உள்ளே நுழைவது வேறு, கட்டை அவிழ்ப்பது வேறு. பல பாலிமர்களில் சங்கிலிகள் ஏடுகளுக்குள் நுழைந்து, அடுக்கு வரிசை கலையாமல், இடைவெளி மட்டும் சற்று விரிந்து நின்றுவிடுகிறது. பாதி அவிழ்ந்த சுவடி.

நைலான் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த பிள்ளை. அதன் சங்கிலியில் இருக்கும் அமைடு தொகுதிகள் களிமண் பரப்போடு நன்றாக ஒட்டும். வாளி முதல் பம்பர் வரை நாம் அதிகம் பயன்படுத்தும் பாலிப்ரொப்பிலீனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதில் ஒட்டுவதற்கு எதுவுமே கிடையாது. 1997-ல் டொயோட்டா குழுவே இதற்கு ஒரு வழி சொன்னது: மாலியிக் அன்ஹைட்ரைடு ஒட்டவைத்த பாலிப்ரொப்பிலீனை இடையே தூதாகச் சேர்ப்பது. பலன் கிடைத்தது, ஆனால் நைலான் அளவுக்கு இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2002-ல் தன் சஃபாரி, அஸ்ட்ரோ வேன்களின் கால்படியை இந்த வகைப் பிளாஸ்டிக்கில் செய்தது. இரண்டரை சதவீதக் களிமண், அதைப் போலப் பத்து மடங்கு மாவுக்கல் தரும் விறைப்பைக் குறைந்த எடையில் தந்தது. நல்ல பொருள்தான். ஆனாலும் மலிவான மாவுக்கல்லைச் சந்தையிலிருந்து விரட்ட அது போதவில்லை.

குறைகள் வேறும் உண்டு. விறைப்பு கூடும்போது நீளும் தன்மை குறைகிறது. அறுந்துபோகும் முன் எவ்வளவு இழுபடும் என்று பார்த்தால் களிமண் சேர்த்தது பெரும்பாலும் தோற்கும். மண்ணைப் பக்குவப்படுத்தச் சேர்க்கும் அம்மோனியச் சேர்மங்கள் 200 டிகிரியைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். அதைவிட அதிக வெப்பத்தில் உருக்க வேண்டிய பெட் (PET) போன்ற பாலிமர்களுக்கு இது பெரிய தலைவலி. களிமண்ணில் இருக்கும் இரும்பு, வெயிலில் பாலிப்ரொப்பிலீன் விரைவில் நொறுங்கத் துணைபோகிறது. பக்குவம் செய்த நுண்பொடியை மூட்டை மூட்டையாகக் கொட்டும் தொழிலாளியின் மூச்சுக்குள் அது போகாமல் பார்க்க வேண்டிய பொறுப்பும் இருக்கிறது. இதைப் பற்றி விற்பனைக் கையேடுகள் பேசாவிட்டாலும் ஆலை நிர்வாகம் பேசியாக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு என் தீர்ப்பு இதுதான்: களிமண் சேர்த்தது பலிக்கவில்லை என்று கைவிடப்பட்ட முயற்சிகளில் பலவற்றில், ஏடுகளே பிரிந்திருக்கவில்லை. மண் தோற்கவில்லை, பிரிக்கும் வேலை முடியவில்லை.

பிரிந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் எக்ஸ்-கதிர். ஏடுகள் ஒழுங்காக அடுக்கியிருந்தால் கதிர் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பலமாகத் திரும்பி, வரைபடத்தில் ஒரு முகட்டைக் காட்டும். சோடியம் மண்ணில், ஏடுகளின் இடைத்தூரம் 1.2 நானோமீட்டராக இருக்கும்போது, முகடு 7 டிகிரியை ஒட்டி வரும். பாலிமர் நுழைந்து இடைவெளி விரிந்தால் முகடு தாழ்ந்த கோணத்துக்கு நகரும். கட்டு அவிழ்ந்துவிட்டால் முகடே காணாமல் போகும். இங்கேதான் ஆபத்து. மண்ணின் அளவு மிகக் குறைவாக இருந்தாலும், கட்டுகள் பிரியாமல் ஒழுங்கு மட்டும் கலைந்திருந்தாலும் முகடு மறையும். ஆகவே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நேரில் பார்த்தாக வேண்டும். பிரிந்த ஏடுகள் அதில் மயிரிழைபோலக் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். பிரியாதவை கறுப்புத் திட்டுகளாக நிற்கும்.

கிண்டியில் சிப்பெட் நிறுவனத்திலும் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிமர் படிக்கும் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முகடு மறைந்ததை மட்டும் வைத்து ஏடுகள் பிரிந்துவிட்டன என்று எழுதிவிடாதீர்கள். அழகாகப் பிரிந்த ஓர் இடத்தின் படத்தோடு நிறுத்தாமல், குறைந்த உருப்பெருக்கத்தில் பரவலாக எடுத்த படத்தையும் சேர்த்துப் போடுங்கள். அதே மண்ணைப் பக்குவம் செய்யாமல் அதே அளவில் கலந்த துண்டு ஒன்றையும் தவறாமல் இழுத்துப் பாருங்கள். நாகாகுத்தே குழு, 61 வந்த துண்டையும் தன் அட்டவணையில் சேர்த்திருந்தது. உங்கள் அட்டவணையிலும் அந்த வரி இருக்கட்டும்.